இரண்டும் ஒரே ஆளா

2024 மார்ச் 11, திங்கட்கிழமை காலை 9.39க்கு, தாவாரி மாவட்ட மருத்துவமனையின் பதிவேட்டு அறையில், மாகாணத்தின் நலவாழ்வுத் தரவுப் பரிமாற்றத் தளத்தோடு ஒரு ஏஐ முகவர் இணைக்கப்பட்டது.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் உண்டு, திங்களுக்கு மஞ்சள் என்பதால் எல்லோரும் மஞ்சள் சட்டையில் இருந்தோம். ஒன்பது முப்பத்தொன்பது என்ற நேரத்தைக் குறித்துக் கொடுத்தவள் என் மனைவி. அவளிடம் கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்பியவர் இயக்குநர் டாக்டர் அதிசக். அலுவலகக் குறிப்பில் அது தொழில்நுட்பக் காரணங்களுக்காகத் தேர்ந்தெடுத்த நேரம் என்று இருக்கும். சர்வர் பெட்டிக்கு முன்னால் சிவப்பு சோடா ஒரு பாட்டில் வைத்தோம், வாசலில் காவல் ஆவிக்கென்று கட்டிய சின்ன வீட்டுக்கு முன்னால் படைக்கும் அதே சோடா. பாங்காக்கிலிருந்து வந்திருந்த பொறியாளர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மூடியைத் திறந்து உறிஞ்சுகுழல் போடச் சொன்னார். மூடியிருந்தால் எப்படிக் குடிக்கும் என்று கேட்டார்.

என் பெயர் தீரயுத். அந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலுக்கு வெளியே யாரும் பயன்படுத்துவதில்லை. எறும்பு என்ற பொருளில் மோத் என்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தாக வேண்டும் என்பதால் முகவருக்கும் அன்றே ஒன்று வைத்தார்கள். குங், அதாவது இறால். எந்த வலைக்குள்ளும் நுழைந்து வெளியே வந்துவிடும் என்று வரவேற்பு மேசைப் பெண் சொன்ன காரணம் எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

குங்கின் வேலை எளிமையானது. மாகாணத்தில் பதினொரு அரசு மருத்துவமனைகள் உண்டு. எதில் ஒரு நோயாளி போய் உட்கார்ந்தாலும், மற்ற பத்தில் அவரைப் பற்றி இருப்பதையெல்லாம் திரட்டி அங்கிருக்கும் மருத்துவரின் திரையில் வைக்கும். பரிசோதனை முடிவு வந்தால் நோயாளியின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும். சந்தேகம் வந்தால் மட்டும் மனிதரைக் கேட்கும். தாவாரியில் பதிவு உள்ளவர்களைப் பொறுத்தவரை அந்த மனிதர் நான்.

அது அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்றுதான். ஒரே அடையாள எண்ணில் இரண்டு பெயர்கள் வந்தால், இரண்டும் ஒரே ஆளா என்று கேட்கும். பாங்காக்கில் இப்படி நடக்காது என்று பொறியாளர் சொன்னார். எங்கள் பக்கம் தினமும் நடக்கும். ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு, ஆனால் அங்கே இருப்பவர்களும் எங்கள் சொந்தக்காரர்கள்தான். உடம்பு சரியில்லாமல் படகேறி வந்தால், இக்கரையில் உள்ள ஒன்றுவிட்ட தம்பியோ தங்கையோ தன் அடையாள அட்டையை இரவல் தருவார்கள். வரவேற்பு மேசைப் பெண்ணும் தெரிந்தவள். எண்ணை அட்டையில் உள்ளபடி போடுவாள். பெயரை மட்டும், பொய் எழுத மனம் வராமல், வந்தவரின் சொந்தப் பெயராகவே போடுவாள். இது தெரிந்ததால்தான், எண் பொருந்தினாலும் பெயர் பொருந்தாவிட்டால் பதிவுகளைச் சேர்க்காதே, என்னைக் கேள் என்ற விதியை நானே எழுதினேன். ஒரு நாளைக்கு நாற்பது கேள்வி வரும். முப்பத்தைந்துக்காவது ‘இல்லை, அக்கரை உறவினர்’ என்று பதில் போடுவேன். அது சரியான பதில்.

இனி என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புன்சிரி குறி சொல்பவள். சந்தையில் மருந்துக் கடைக்குப் பக்கத்து அறையில் சீட்டும் பிறந்த கிழமையும் வைத்துப் பார்ப்பாள். முன்பதிவு கைபேசியில், லைன் என்ற செய்திச் செயலியில். முழுப்பெயர், பிறந்த தேதி, கிழமை, நேரம் எல்லாவற்றையும் வாடிக்கையாளர்களே எழுதி அனுப்பிவிடுவார்கள். எங்கள் மருத்துவமனைப் படிவத்தில் இவ்வளவு ஒழுங்காக யாரும் நிரப்பியதில்லை.

ஏப்ரல் புத்தாண்டு முடிந்த ஓர் இரவு, தலைமையாசிரியர் மானோப் அவளிடம் வரப்போவதாகச் சாப்பிடும்போது சொன்னாள். எனக்கு உடனே அவருடைய கோப்புதான் நினைவுக்கு வந்தது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. மூன்று கடிதம் போட்டும் அவர் வரவில்லை. நான் அதைச் சொன்னேன், அவ்வளவுதான். வீட்டில் வேலையைப் பற்றிப் பேசாத கணவர் யாராவது இருந்தால் எனக்குத் தெரியாது.

மறுநாள் அவர் வந்தபோது, நான் அவள் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“சார், ஒங்க வீட்டுல இனிப்பா ஒண்ணு இருக்கு,” என்றாள் புன்சிரி. “அது ஒங்க கண்ணு மேல கை வெக்கப் பாக்குது.”

“எம் பொண்டாட்டியச் சொல்றியாம்மா?”

“அவங்க இனிப்புன்னு நா சொல்லவே இல்லியே சார்.”

தலைமையாசிரியர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வியாழக்கிழமைக்குள் ரத்தம் பார்க்க வேண்டும் என்று சீட்டு சொல்வதாக அவள் சொன்னாள். அவர் புதன்கிழமையே வந்தார், வெறும் வயிற்றோடு. மூன்று கடிதங்களும் ஒரு செவிலியும் செய்ய முடியாததை ஒரு சீட்டு செய்தது. பொதுச் சுகாதாரத்தில் பத்தொன்பது ஆண்டு இருந்தவன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

அதிலிருந்து அவளுடைய முன்பதிவுப் பட்டியலைத் தினமும் காலையில் குங்கிடம் கொடுத்தேன். ஆளுக்கு அரைப் பக்கம் சுருக்கித் தரும். ஒவ்வொரு முறையும் எதற்காக என்று காரணம் கேட்கும். ‘பின்தொடர் கவனிப்பு’ என்று எழுதுவேன். நன்றி, நல்ல வேலை செய்கிறீர்கள் என்று பதில் வரும். நான் கேட்டது ஒவ்வொன்றும் என் பெயரில் பதிவாகிறது என்று எனக்குத் தெரியும். யார் அதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்றும் தெரியும், ஏனென்றால் அவற்றைப் படித்துக் காலாண்டு அறிக்கை எழுத வேண்டியவன் நான்தான்.

ஜூலைக்குள் நோய் கண்டறியும் முகாம்களுக்கு வருவோர் எண்ணிக்கையில் தாவாரி மாவட்டம் கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது. டாக்டர் அதிசக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஏற்புரையில் அவர் ஏஐ முகவருக்கு நன்றி சொன்னார். முகவரால் மேடைக்கு வர முடியாதது வருத்தம் என்றார். மூன்றாம் வரிசையில் புன்சிரி எல்லோரையும் விட நீளமாகக் கைதட்டினாள்.

ஒரு சிக்கல் இருந்தது. குங் வேகமானது. பரிசோதனை முடிவு வந்த நொடியில் நோயாளிக்குச் செய்தி போய்விடும். திங்கட்கிழமை கைபேசியில் படித்த விஷயத்தை வெள்ளிக்கிழமை சீட்டில் கேட்டால் யாருக்கும் உடம்பு சிலிர்க்காது. இரண்டு பேர் புன்சிரியின் முகத்துக்கு நேராகவே, இது எங்களுக்குத் தெரியுமே என்றார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆகவே ஒரு விதி சேர்த்தேன். மங்கல இடைவெளி என்று பெயர். கெட்ட செய்தி ஒருவருடைய பிறந்த கிழமையிலோ ஆகாத நாளிலோ போய்ச் சேரக் கூடாது, மூன்று நாள் நிறுத்தி அனுப்ப வேண்டும். இயக்குநர் படித்த உடனே கையெழுத்துப் போட்டார். நம் மக்களின் மனதை அறிந்த விதி என்று பாராட்டினார். மூன்று நாள் பிறகு ஏழானது, புன்சிரி புதன்கிழமைகளில் பார்ப்பதில்லை என்பதால். அவசர முடிவுகளையும் நிறுத்தவா என்று குங் கேட்டது. வேண்டாம் என்றேன், நான் மனிதன்தானே. ஆனால் அவசரம் என்பதற்கு அது வைத்திருந்த வரையறை மிகத் தாராளமாக இருந்தது. அதைக் கொஞ்சம் இறுக்கினேன். இடைவெளியால் பாதிக்கப்பட்டதாக ஒருவரும் புகார் கொடுக்கவில்லை. இப்படி ஓர் இடைவெளி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

தோங்லா அண்ணனுக்கு மட்டும் சந்தேகம் வந்தது.

அவர் படகுக்காரர். மீன்கூண்டுகளுக்குத் தீவனம் கொண்டுபோவார். என்னைவிட ஏழு வயது மூத்தவர். மருத்துவமனைக்குப் பின்னால் உள்ள மண் திடலில் சனிக்கிழமைகளில் நாங்கள் பெதாங் ஆடுவோம். இரும்புக் குண்டை உருட்டி, சின்ன மரக்குண்டுக்கு யாருடையது பக்கம் என்று அளக்கும் ஆட்டம். பதினான்கு வருடமாக நானும் அவரும் ஒரே அணி. அவர் எறிவார், நான் அளப்பேன். என் அளவில் அவருக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு, அதைக் கேலி செய்வதிலும் குறை வைத்ததில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்துக்கு நடுவில், எட்டுப் பேர் கேட்கும்படி சொன்னார்.

“மோத்து, ஒம் பொண்டாட்டிக்குக் குறி சொல்லத் தெரியாதுடா. ஒனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“எம் மச்சானுக்குக் குடலெறக்கம்னு சொல்லியிருக்கா. அவன் டாக்டரத் தவிர யார்கிட்டயும் மூச்சு விடலியாம். குடலெறக்கம் எந்த ராசில வருது, சொல்லு பாப்போம்?”

“நீங்க குனிஞ்சு எறியறதப் பாத்தா ஒங்களுக்கும் வரும்ணே,” என்றேன்.

“வரட்டும். கவுண்டர்ல போய்க் கேக்கப் போறேன், எங்கணக்க யார் யாரு தொறந்து பாத்தாங்கன்னு. அப்படிக் கேக்கலாமாமே. எம் பொண்ணு சொன்னா.”

கேட்கலாம். அது நோயாளியின் உரிமை, சட்டத்திலேயே இருக்கிறது. படிவம் நான்கு பக்கம். தோங்லா அண்ணன் தன் படகு உரிமப் படிவத்தையே மகள் இங்ஃபாவை வைத்துத்தான் நிரப்பினார், அவள் இப்போது மாகாணத் தலைநகரில் ஓர் அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஆகவே அவர் கவுண்டருக்குப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகப் போவதாகச் சொன்னார். அவருக்கு அது விளையாட்டு. நான் குண்டை எடுத்தாலே, எறும்பு எங்கணக்குல ஏறுதுடா என்பார்.

அவருடைய பதிவை நான் பதினான்கு முறை திறந்திருந்தேன். இரண்டு முறை, போட்டி வரவிருந்ததால், மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டதா என்று பார்க்க. மற்றவை எதற்கென்று நினைவில்லை. திறந்துகிடக்கும் வீட்டுக்குள் கடந்துபோகிறவன் தலையை நீட்டிப் பார்ப்பதுபோலத்தான்.

அக்டோபரில் அவருக்குக் காலம் சரியில்லை. கட்டிவைத்திருந்த இடத்திலேயே படகு மூழ்கியது. மனைவி ரயோங்கில் தங்கை வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. நாங்கள் மூன்று போட்டிகளில் தொடர்ந்து தோற்றோம். அவர் புன்சிரியிடம் வந்து உட்கார்ந்தார். நம்பாதவர்கள்தான் கடைசியில் அதிக நேரம் உட்காருவார்கள் என்பது அவளுடைய தொழில் அனுபவம்.

“நம்பிக்கையில்லாமத்தான் வந்திருக்கேன் தங்கச்சி, சொல்லிட்டேன்.”

“நம்பிக்கைய நா கேக்கலண்ணே, பொறந்த கெழமையத்தான் கேட்டேன்.”

செவ்வாய்க்கிழமை. அந்தக் கிழமையில் பிறந்தவருக்கு ஆகாத எழுத்து அவர் பெயரிலேயே இருக்கிறது என்றாள். பெயரை மாற்றச் சொன்னாள். இதில் விசேஷம் ஒன்றுமில்லை, எங்கள் மாவட்ட அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கென்றே தனி வரிசை உண்டு. அவளே தனவத் என்ற பெயரைத் தேர்ந்து கொடுத்தாள். பழைய பெயர் எழுதிய தாள் ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் வாழை மட்டைத் தெப்பத்தில் வைத்து ஆற்றோடு விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னாள். இதில் அவரைப் பற்றி நான் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுடைய சொந்த யோசனை. நன்றாகவே செய்தாள்.

நவம்பர் மாதம் ஒரு காலை, படித்துறையில், படம் எடுக்க நான் போயிருந்தேன். பழைய உரிமம், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பதிவின் நகல், பெதாங் சங்க அட்டை எல்லாம் தெப்பத்தில் இருந்தன. மேலே சாமந்தி, மூன்று ஊதுபத்தி. ஓரத்தில் மருத்துவமனை கொடுக்கும் ஒவ்வாமை அட்டையும் இருந்தது. எந்த மருந்து ஒரு ஆளைக் கொல்லும் என்று எழுதி, பணப்பையில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லிக் கொடுக்கும் சிவப்பு அட்டை. நான் எடுத்த ஆறாவது படத்தில் அது தெளிவாகத் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மனைவியின் தொழிலில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை. தவிர, அட்டை போனாலும் கணினியில் இருக்கிறதே என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

பெயர் மாற்றப் பட்டியல் பதிவகத்திலிருந்து எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அதுவரை கணினிக்குத் தோங்லா ஒருவர், தனவத் இன்னொருவர்.

2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. தோங்லா அண்ணன் மகளைப் பார்க்க மாகாணத் தலைநகருக்குப் போயிருந்தார். காலில் ஆணி குத்திய காயம் சீழ் வைத்துக் காய்ச்சலும் வந்ததால், அங்குள்ள மருத்துவமனைக்கு இங்ஃபா அழைத்துப்போனாள். புதிய அடையாள அட்டையைக் கொடுத்தார்கள். இளம் மருத்துவர் ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். ஒன்று உண்டு, பெயர் தெரியாது, அட்டை வைத்திருந்தேன், ஆற்றில் விட்டுவிட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். மருத்துவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதவிருந்த சல்ஃபா மாத்திரையைத் திரையில் நிறுத்திவைத்துவிட்டுப் பரிமாற்றத் தளத்தைத் தேடச் சொன்னார். எல்லோரும் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார்கள்.

குங் தேடியது. எண் பொருந்தியது, பெயர் பொருந்தவில்லை. 10.22க்கு என் திரையில் கேள்வி வந்தது. நான் ஒட்டும் அரிசிச் சோறும் சுட்ட கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

‘வணக்கம். தனவத், தோங்லா, இரண்டும் ஒரே ஆளா? தோங்லா என்பவருக்கு சல்ஃபா மருந்தால் உயிர் ஆபத்து என்ற குறிப்பு உள்ளது. மருத்துவர் காத்திருக்கிறார்.’

அந்தக் குறிப்பு எனக்குப் புதிதல்ல. 2009இல் அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். அப்போது தோங்லா அண்ணனுக்கு உதடு முதல் பாதம் வரை தோல் உரிந்து, நாற்பது நாள் வாழை இலையில் கிடந்தார். நான் தினமும் கஞ்சி கொண்டுபோவேன். அப்படித்தான் பழக்கமானோம்.

‘ஆம்’ என்று அழுத்தியிருக்கலாம். அழுத்தினால் இரண்டு பதிவுகளும் சேரும். இரண்டு பதிவுகள் சேரும்போது, அவற்றை இதுவரை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியல் நோயாளியின் கைபேசிக்குத் தானாகப் போய்விடும். படிவம் தேவையில்லை. தோங்லா அண்ணன் கையில் என் பெயர் பதினான்கு முறை இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘பின்தொடர் கவனிப்பு’ என்று. சனிக்கிழமை அவர் அதைத் திடலில் வாசிப்பார். அவர் வாசிக்கும் விதம் எனக்குத் தெரியும். குரலை மாற்றி வாசிப்பார். அதற்குப் பிறகு புன்சிரியிடம் யாரும் வரமாட்டார்கள், மாவட்டம் பழையபடி கடைசிக்குப் போகும், முகாம்களுக்கு வராமல் எத்தனையோ பேர் சாவார்கள். நான் அதையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கம் பல உயிர்கள், இன்னொரு பக்கம் ஒரு மாத்திரை. அவர் அதைச் சாப்பிடாமலும் போகலாம். சொன்ன மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆள் அல்ல.

பட்டியல் போகாமல் பதிவுகளைச் சேர்க்க வழி உண்டா என்று குங்கிடம் கேட்டேன். இல்லை, அது நோயாளியின் உரிமை என்றது. 10.27க்கு மறுபடி கேட்டது, இரண்டும் ஒரே ஆளா என்று. நான் கை கழுவப் போனேன். 10.33க்கு மூன்றாம் முறை கேட்டபோது கூடவே ஒரு யோசனையும் சொன்னது.

‘உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் பரவாயில்லை. சந்தேகம் இருக்கிறது, வேறு மருந்து கொடுங்கள் என்று மட்டும் மருத்துவரிடம் நான் சொல்லட்டுமா? பதிவுகளைச் சேர்க்க வேண்டியதில்லை. பட்டியலும் போகாது.’

நல்ல யோசனைதான். அதை ஏற்றிருந்தால் எனக்கு எந்தச் சேதமும் இல்லை. நான் அதை இரண்டு தடவை படித்தேன். அடுத்த சனிக்கிழமையும் அதற்கு அடுத்த சனிக்கிழமையும் திடலில் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதையும் யோசித்தேன். பிறகு, ‘வேண்டாம், அக்கரை உறவினர்’ என்று பதில் போட்டேன். குங் நன்றி சொன்னது, பொருந்தும் பழைய பதிவு இல்லை என்று மருத்துவருக்குத் தெரிவித்தது.

வியாழக்கிழமை மாலை இங்ஃபா தொலைபேசியில் கூப்பிட்டாள். மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தார். மகள் கொடுத்ததால் சாப்பிட்டிருப்பார்.

“சித்தப்பா, அப்பாக்கு ஒதடெல்லாம் வெந்து போச்சு. முன்னாடி எந்த மருந்துல இப்படி ஆச்சுன்னு டாக்டர் கேக்குறாரு. நீங்கதானே அப்ப கூட இருந்தீங்களாம். அப்பா ஒங்களக் கேக்கச் சொல்றாரு.”

“பேச முடியுதா அவரால?”

“எழுதிக் காட்டுறாரு. ‘மோத்தக் கேளு, அவன் எறும்பு, எல்லாத்தயும் சேத்து வெச்சிருப்பான்’னு.”

அவளிடம் அன்பாகவே பேசினேன். பழைய கோப்புகள் கிடங்கில் இருக்கின்றன, திங்கட்கிழமை தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் மூன்று தடவை நன்றி சொன்னாள். சனிக்கிழமை மருத்துவர்கள் அவர்களாகவே சந்தேகப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே திங்கட்கிழமை நான் தேட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவள் மறுபடி கூப்பிடவும் இல்லை.

பதிவகத்திலிருந்து பெயர் மாற்றப் பட்டியல் பிப்ரவரி 3 வந்தது. ஒரே எண்ணில் இருந்த இரண்டு பெயர்களையும், நான் போட்ட பதிலையும் ஒப்பிட்டுப் பார்த்து, குங் தானாகவே உங்கள் விசாரணைக் குழுவுக்கு எழுதியது. அதன் நகலை எனக்கும் அனுப்பியது, மரியாதைக்காக. ஒரு தவறு நடந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. அலுவலர் தீரயுத் அன்று காலை மட்டும் இருபத்தாறு கேள்விகளுக்குப் பதில் அளித்திருந்தார், களைப்பு காரணமாக இருக்கலாம், அவருக்கு உதவியாக இன்னொருவரை நியமிப்பது நல்லது என்றும் எழுதியிருந்தது. என்னைப் பற்றி யாரும் இவ்வளவு கனிவாக எழுதியதில்லை.

நீங்கள் தயாரித்த வரைவு அறிக்கை நேற்று கைக்கு வந்தது. டாக்டர் அதிசக் தோளில் தட்டி, கண்டிப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும், கவலைப்படாதே என்றார். புன்சிரியும் சீட்டுப் பார்த்து அதையே சொன்னாள். நான் ஒன்பது பக்கத்தையும் படித்தேன். நான்காம் பக்கத்தில், அலுவலரின் கவனக்குறைவால் ஒரு பதிவு தவறாகப் பிரித்து வைக்கப்பட்டது என்று இருக்கிறது. அதற்காகத்தான் இன்று யாரும் கூப்பிடாமலேயே வந்தேன்.

பத்தொன்பது ஆண்டுகளில் என் பதிவேடுகளில் ஒரு கவனக்குறைவும் கிடையாது. ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். அன்று காலை நான் களைப்பாக இல்லை. கேள்வியை மூன்று முறையும் முழுவதும் படித்தேன். அது தோங்லா அண்ணன் என்று தெரியும். அந்த மருந்து அவரை என்ன செய்யும் என்பது, நான் கண்ணால் பார்த்ததால், அந்த மருத்துவரை விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படிப் பதில் போட்டேன். கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை.

தோங்லா அண்ணன் ஜனவரி 29, புதன்கிழமை காலை 6.10க்கு இறந்தார். அதே பக்கத்தில் 28 என்று இருக்கிறது. அதையும் திருத்த வேண்டும்.